லேசா அடிங்க சார்

குங்ஃபூ கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "யாரையாவது அடிச்சிருக்கீங்களா?" என்பதுதான். என் மாமியார் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "இந்த வயசுல உங்களை யாரு மாப்பிள்ளை அடிக்கப் போறா?" ஆறுதலாகச் சொன்னாரா, ஆசைப்பட்டுக் கேட்டாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சேர வேண்டியவன் என் மகன். மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டி, கறுப்பு யூனிஃபார்ம் வாங்கிக் கொடுத்து, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பையன் இரண்டாவது வகுப்பிலேயே தனக்கு ஷட்டில்தான் உயிர் என்று கண்டுபிடித்துவிட்டான். பணத்தைக் கேட்கப் போனேன். "ஃபீஸ் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இல்ல சார். வேணும்னா நீங்க வந்து கழிச்சுக்கங்க" என்றார் மாஸ்டர். கட்டிய பணத்தைக் கழிக்காமல் விடுவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. காலாவதித் தேதிக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதற்காகவே இருமல் இல்லாமல் இருமல் மருந்து குடித்தவர் என் அப்பா. நான் யூனிஃபார்மின் இடுப்புப் பட்டையை மட்டும் பிரித்துத் தைத்துக்கொண்டேன்.

வகுப்பு நடப்பது சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில். முகூர்த்த நாட்களில் கீழே கெட்டிமேளம் முழங்கும்போது மேலே நாங்கள் காற்றைக் குத்திக்கொண்டிருப்போம். ஆறரை மணிக்கு ரவா கேசரியின் நெய் வாசனை மாடிப்படி ஏறி வரும். புலனடக்கம் பற்றி எந்தத் துறவியும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டபத்து மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: கத்தக் கூடாது. புரூஸ் லீயைப் போல ஒரு கூவல் கூவிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் அந்த நிபந்தனையைக் கேட்டதும் பாதிப் பேர் நின்றுவிட்டார்களாம்.

மிச்சம் இருப்பவர்கள் ஒரு கலவையான கூட்டம். ஒருவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் பேங்க் சார் என்போம். கவுன்டருக்கு உள்ளே காலமெல்லாம் அடக்கி வைத்த கோபத்தை வட்டியோடு வெளியே எடுக்க வந்திருக்கிறார். இன்னொருவன் ஜிம் தம்பி. 2008-ல் வந்த 'இப் மேன்' படத்தில் கதாநாயகன் ஒரே நேரத்தில் பத்து கராத்தேக்காரர்களைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தவன். அவன் புஜம் ஒவ்வொன்றும் என் தொடையைவிடப் பெரியது. அப்புறம் ஐந்தாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி. என்னைவிட இரண்டு வருடம் சீனியர். மாஸ்டர் பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒல்லி. பேச்சு மெதுவாக வரும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, ஆதார் கார்டை இரண்டு பக்கமும் ஒரே தாளில் எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, எடுத்த பிறகு, "இல்ல, தனித்தனியா வேணும்" என்கிறவர்களிடம்கூட.

அவர் சொல்லித் தருவது விங் சுன். சீனாவின் ஃபோஷான் ஊர்க்காரரான இப் மேன் 1950 வாக்கில் ஹாங்காங்கில் குடியேறி, உணவக ஊழியர்கள் சங்கத்தில் பாடம் நடத்தி வயிறு வளர்த்த அதே கலை. நிஜ இப் மேன் ஜப்பானியர் பத்துப் பேரை அடித்த கதை சினிமாவோடு சரி என்று சொன்னபோது ஜிம் தம்பியின் முகம் ஒரு வாரம் வாடிக் கிடந்தது.

முதல் பாடம் நிற்பது. பாதங்களை உள்பக்கமாகத் திருப்பி, முழங்கால்களை லேசாக மடக்கி, இரண்டு தொடைக்கும் நடுவில் ஓர் ஆட்டை இடுக்கிப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஆடு திமிறும், விடக் கூடாது. அந்த நிலையிலேயே சியூ நிம் தாவ் என்கிற முதல் பயிற்சி வரிசை முழுவதையும் செய்ய வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாதம் ஓர் அங்குலம்கூட நகராது. அதன் முதல் பகுதியில் கை நெஞ்சுக்கு முன்னால் போய்த் திரும்பி வருவதற்குள் கீழே மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிடும்.

பேங்க் சாருக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், இந்த வேகத்துல போனா எதிராளி ஒரு காபி சாப்பிட்டுட்டு வந்து சாவகாசமா அடிப்பானே?"

"அவன் சாப்பிட்டுட்டு வரட்டும் சார். நீங்க தோளை இறக்குங்க."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாஸ்டர் ஓயாமல் சொல்வார். தோளை இறக்குங்க. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. சண்டை கற்க வந்தவனிடம் தையல்காரர் மாதிரி தோளைப் பற்றியே பேசினால்? பிறகு ஒருநாள் காரணம் சொன்னார். கையை நீட்டுவது மேற்கையின் பின்புறத் தசை. மடக்குவது முன்புறத் தசை. நீட்டும்போது முன்புறத் தசை சும்மா இருக்க வேண்டும். கோபம் வந்தால் அது சும்மா இருக்காது. பல்லைக் கடிக்கும்போதே அதுவும் சேர்ந்து இறுகிவிடும். ஆக, ஆவேசமாகக் குத்துகிறவன் ஒரு தசையால் கையை வீசுகிறான், இன்னொன்றால் அதே கையைப் பின்னால் இழுக்கிறான். உள்ளுக்குள் அவனுக்குப் பிரமாதமான முயற்சியாகத் தெரியும். எதிரில் இருப்பவனுக்கு ஒதுங்க வசதியாக இருக்கும்.

சோதித்துக் காட்டினார். ஜிம் தம்பியை அழைத்து, "உனக்குப் பிடிக்காத ஆளை நினைச்சுக்கிட்டுக் குத்து" என்றார். தம்பி யாரை நினைத்தானோ, நரம்பெல்லாம் புடைத்தது. குத்து வந்தது. மாஸ்டர் நகர்ந்தார். காலரைச் சரிசெய்துகொள்ளக்கூட அவருக்கு நேரம் இருந்தது. "இப்ப யாரையும் நினைக்காம குத்து." இந்த முறை வந்ததை மாஸ்டர் நகர்ந்து தப்பிக்க முடியாமல் கையால்தான் தட்டிவிட்டார். தம்பிக்கே ஆச்சரியம். யாரையும் நினைக்காமல் இருப்பது அவனுக்கு எளிதாக வந்ததில் எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்.

பள்ளிக்கூடத்து இயற்பியலும் மாஸ்டர் கட்சிதான். கையின் எடை இரண்டு மடங்கானால் அது சுமந்து வரும் இயக்க ஆற்றல் இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இதைக் கேட்ட ஜிம் தம்பி, இதுவரை புரோட்டீன் பவுடருக்குச் செலவழித்த தொகையை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தான் என்று நினைக்கிறேன். அன்று அதற்குமேல் அவன் பேசவில்லை.

என் விஷயத்தில் குறை வேறு. என் குத்து கிளம்புவதற்கு முன்பே வலது தோள் மேலே ஏறும், மூச்சு நிற்கும், புருவம் நெரியும். "சார், 2013-லேயே தந்தி சர்வீஸை மூடிட்டாங்க. உங்க தோள் மட்டும் இன்னும் தந்தி அடிச்சிக்கிட்டே இருக்கு" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா மட்டும் தந்தி என்றால் என்ன என்று கேட்டாள். அதை விளக்குவதில் மீதி வகுப்பு போயிற்று. எனக்கு அது நல்ல ஓய்வு.

இந்தத் தந்தி சமாசாரம் வேடிக்கையல்ல. கண்ணால் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகிறது. கை எட்டும் தூரத்திலிருந்து வருகிற நல்ல குத்து அதற்குள் மூக்கில் வந்து உட்கார்ந்துவிடும். அப்படியானால் தடுக்கிறவர்கள் எப்படித் தடுக்கிறார்கள்? குத்து வருவதற்கு முன்னால் கிளம்பும் தோளையும் மூச்சையும் பார்த்துத்தான். எங்கள் வகுப்பில் அதில் கெட்டிக்காரி பாப்பா. அவள் உயரத்துக்கு என் முகம் தெரிவதைவிடத் தோள் நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது.

கண் தாமதம் என்பதால்தான் விங் சுன்காரர்கள் சீ சாவ் என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிராளியின் கை எங்கே இறுகுகிறது, எங்கே விலகுகிறது என்பதைத் தோல் சொல்லும். தொடு உணர்ச்சி கண்ணைவிட வேகமாக எதிர்வினை தரும். என் ஜோடி பாப்பாதான். அவள் கையில் கனமே இருக்காது. நான் எங்கேயாவது அழுத்தினால் அந்த அழுத்தம் காணாமல் போகும், அடுத்த கணம் என் நெஞ்சில் 'பட்' என்று ஒன்று விழும். நல்ல வளர்ப்பு, ஒவ்வொரு தடவையும் "சாரி அங்கிள்" என்பாள். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். முதலில் சாரி வருகிறது, அப்புறம்தான் அடி வருகிறது. அப்படியும் என்னால் தடுக்க முடியவில்லை.

இந்தக் கலையின் கர்ண பரம்பரைக் கதையே ஒரு பெண்ணைப் பற்றியதுதான். தன்னைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்த்த ஊர் முரடனிடம் யிம் விங் சுன் என்ற பெண் அவகாசம் கேட்டு, ங் முய் என்ற பிக்குணியிடம் பாடம் கற்று, வந்து அவனை அடித்து வீழ்த்தினாளாம். பாப்பாவின் அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அப்பாவுக்குக் கொஞ்சம் கவலை.

பேங்க் சாருக்குப் பிடித்த கதை வேறு. 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்ததிலிருந்து அவர் இதில் பங்குதாரர். "குங்ஃபூவே நம்ம சரக்குதான் தெரியுமோ? போதிதர்மர் காஞ்சிபுரத்திலேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தது." போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு, மேற்கே பாரசீகத்துக்காரர் என்று சொல்லும் இன்னொரு குறிப்பும் உண்டு. அவர் ஷாவோலின் துறவிகளுக்குத் தேகப் பயிற்சி கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் நூலோ 17-ஆம் நூற்றாண்டில், அவர் காலத்துக்குச் சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து வந்தது. இதையெல்லாம் பேங்க் சாரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் நம்ம சரக்குதான் என்றே வைத்துக்கொண்டாலும், அதே ஐதீகம் போதிதர்மர் ஷாவோலினில் ஒன்பது வருடம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் என்கிறது. ஆக, காஞ்சிபுரத்துச் சரக்கில் பெரும்பகுதி சும்மா இருப்பது. பேங்க் சார் ஆட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பதற்குள் மூன்று தடவை மணி பார்க்கிறார்.

சும்மா இருப்பது புரூஸ் லீக்கே கைவரவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பதின்ம வயதில் இப் மேனிடம் படித்த லீ, ஹாங்காங் தெருக்களில் சண்டை தேடித் திரிந்த பையன். கூடப் படிப்பவர்கள் வருவதற்குள் முந்திப் போய், படியிலேயே அவர்களை மடக்கி, இன்றைக்கு வகுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, தான் மட்டும் தனியாகப் பாடம் கேட்டான் என்று அவனுடைய மூத்த சக மாணவர் சொன்ன கதை பிரபலம். உடம்பைத் தளர்த்து, மனசை அடக்கு என்று குரு சொல்லச் சொல்ல, தளர்த்தியே தீர வேண்டும் என்று பையன் இறுகிக்கொண்டே போனான். கடைசியில் இப் மேன், ஒரு வாரம் பயிற்சியே செய்யாதே, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டாராம். லீ படகில் ஏறிக் கடலுக்குப் போய், ஆத்திரத்தில் தண்ணீரைக் குத்தினான். தண்ணீருக்கு வலிக்கவில்லை. அங்கிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற தத்துவமெல்லாம் பிறந்தது. எனக்குப் பிடித்த தகவல் இன்னொன்று: 1958-ல் இதே பையன் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியில் சாம்பியன். அதே ஆண்டில் பள்ளிகளுக்கு இடையிலான குத்துச்சண்டைப் போட்டியிலும் ஜெயித்தான். தோளை இறக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது கடலா, சா-சாவா என்பதை யாராவது விசாரிக்க வேண்டும். அடுத்த வருடமே, 1959-ல், பையன் அடிதடியில் கெட்டுப்போகிறான் என்று பெற்றோர் அவனை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

அங்கே 'தி கிரீன் ஹார்னெட்' தொடரில் நடித்தபோது அவர் கை வேகம் கேமராவுக்குப் பிடிபடவில்லை, கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னார்கள் என்பார்கள். இதற்கு நேர்மாறாக, மெதுவாக அடிக்கிறவர்களைக் கேமராவைக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் படமெடுத்துத் திரையில் வேகமாகக் காட்டுவது ஹாங்காங் ஸ்டூடியோக்களின் வழக்கம். நாங்கள் எல்லோரும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். எனக்கும் அப்படி ஒரு கேமரா கிடைத்தால் போதும்.

இப்போது ஸ்பாரிங்குக்கு வருகிறேன். கையுறை, பல் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு இருவர் நிஜமாகவே மோதிப் பார்ப்பது. மாஸ்டரின் விதி ஒரே சொல்: லேசா. எனக்கும் ஜிம் தம்பிக்கும் ஜோடி. முதலில் அவன் என் தோளில் லேசாகத் தட்டினான். நானும் லேசாக அவன் நெஞ்சில் தட்டினேன். அவன் அடுத்துக் கொடுத்தது லேசு இல்லை. இருந்தாலும் சின்னப் பையன், தெரியாமல் பட்டிருக்கும் என்று நான் வாங்கிய அளவுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தேன். அவன் கண் சுருங்கியது. அதற்கப்புறம் நடந்ததை மண்டப மேனேஜர் மேலே வந்து பார்க்கும்படி ஆகிவிட்டது. கீழே நிச்சயதார்த்தம். சரவிளக்கு ஆடியதாம்.

"யார் சார் முதல்ல ஓங்கி அடிச்சது?" என்றார் மாஸ்டர்.

"அவன்தான்" என்றேன் நான்.

"சார்தான்" என்றான் அவன்.

லண்டனில் சில மூளை விஞ்ஞானிகள் இதே பஞ்சாயத்தை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்து, 2003-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர். ஒருவர் விரலை மற்றவர் ஒரு கருவி வழியாக அழுத்த வேண்டும். வாங்கிய அதே அளவு அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவ்வளவுதான் போட்டி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. யாரும் பொய் சொல்லவில்லை. நாமாகச் செய்கிற செயலின் விளைவை மூளை முன்கூட்டியே எதிர்பார்த்து, அந்த உணர்ச்சியைக் குறைத்துக் காட்டுகிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வராததற்கும் இதுவே காரணம். அதனால் கொடுத்தது எப்போதும் குறைவாகவும் வாங்கியது முழுசாகவும் தெரியும். கோபக்காரன், சாது என்ற வித்தியாசம்கூட இதற்குத் தேவையில்லை. இரண்டு சாதுக்களை எதிரெதிரே நிறுத்தி லேசாகத் தட்டிக்கொள்ளச் சொன்னாலே போதும்.

கட்டுரையைப் படித்துவிட்டு ஜிம் தம்பியிடம் விவரமாக எடுத்துச் சொன்னேன். அவன் ஓங்கி அடித்தது அவன் தவறில்லை, அவனுடைய மூளை அப்படி. நான் அன்று லேசாகத்தான் அடித்தேன்.

மாஸ்டர் விஞ்ஞானம் படித்தவரில்லை. அவர் வேறு வைத்தியம் செய்தார். எங்கள் இருவருக்கும் அந்த மாதம் முழுவதும் ஒரே பயிற்சி: முழு வேகத்தில் குத்த வேண்டும், ஆனால் எதிராளியின் சட்டைப் பொத்தானைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும், சட்டை கசங்கக் கூடாது. மெதுவாகக் குத்தி நிறுத்துவது யாருக்கும் வரும். வேகமாகக் குத்திப் பொத்தானில் நிறுத்த, கை எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரிந்திருக்க வேண்டும். கோபம் ஒரு துளி கலந்தாலும் பொத்தான் தெறிக்கும். வீட்டில் பொத்தான் தைப்பவர் நான்தான் என்று மாஸ்டருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

போன வாரம் வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் தன் மொபைலில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டைக் காட்டினார். 1954 ஜனவரி 17, மக்காவ். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து 50,000 பேருக்குமேல் வீடிழந்தார்கள். அதற்கு நிதி திரட்ட ஒரு மோதல். ஒரு பக்கம் தாய் ச்சி ஆசான் வூ குங்யி, ஐம்பதைத் தாண்டியவர். இன்னொரு பக்கம் வெள்ளைக் கொக்குப் பாணியின் சான் ஹாக்-ஃபூ, முப்பதுகளில் இருந்தவர். இருவரும் சாந்தத்தையும் தளர்வையும் ஊருக்கே போதித்த குருமார்கள்.

மணி அடித்ததும் சாந்தம் போயிற்று. தாய் ச்சியும் தெரியவில்லை, கொக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் சில்லறைத் தகராறில் இரண்டு பெரியவர்கள் கை வீசினால் என்ன தெரியுமோ அதுதான் தெரிந்தது. சானின் மூக்கில் ரத்தம். இரண்டாவது சுற்றில் காலும் சேர்ந்துகொள்ள, நடுவர்கள் குறுக்கே புகுந்து நிறுத்திவிட்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் தோள் மேல போகுது" என்றாள் பாப்பா.

ஆனால் அந்த ரகளைதான் தமிழில் தொடர்கதை படிக்கும் என் போன்றவர்கள் கும்பிட வேண்டிய காரியம் ஒன்றைச் செய்தது. ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்ததால், ஒரு ஹாங்காங் மாலைப் பத்திரிகை மூன்றே நாளில் லியாங் யூஷெங் என்பவரை வைத்து வீரசாகசத் தொடர்கதை ஆரம்பித்தது. அடுத்த வருடம் ஜின் யோங் எழுத வந்தார். பறந்து பறந்து அடிக்கும் புதுவகைச் சீன வாள்வீரர்கள் எல்லோரும் இந்த இரண்டு சுற்றுச் சண்டையின் பிள்ளைகள். நிஜத்தில் பார்த்த பிறகு கற்பனையாவது நன்றாக இருக்கட்டும் என்று வாசகர்கள் நினைத்திருக்கலாம்.

"கடைசியில யாரு ஜெயிச்சா?" என்றான் ஜிம் தம்பி.

நடுவர்கள் அறிவித்த தீர்ப்பை மாஸ்டர் சொன்னார்: வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை.

பேங்க் சார் எழுந்து நின்றுவிட்டார். அவர் தன் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்துக்குச் செயலாளர். "எங்க பொதுக்குழு மினிட்ஸ்ல இதைத்தான் வருஷா வருஷம் எழுதிண்டு வரோம்" என்றார். அந்த உற்சாகத்திலேயே, தனக்கும் ஜிம் தம்பிக்கும் ஒரு ஸ்பாரிங் வைக்க வேண்டும் என்றும் கேட்டார். லேசாகத்தான் என்று இருவரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மேனேஜரே தேதி கொடுத்துவிட்டார். நடுவர் பாப்பா. மூக்கில் ரத்தம் வந்தால் தனக்கு ஹோம்வொர்க் இருக்கிறது, பாதியிலேயே கிளம்பிவிடுவேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.